இருபத்தொன்றுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவில்

சிவகாசிக்குக் கடல் வந்துபோன அந்த வருஷம், ஊரில் முக்கால்வாசி வீட்டுச் சுவர்களில் தொங்கிய தினசரிக் காலண்டரில் யாரும் கேள்விப்பட்டிராத பதினெட்டு விடுமுறைகள் அச்சாகியிருந்தன. அவற்றில் பதினேழுக்குப் பெயர் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை என்றாலும், மற்ற பதினேழையும் தாண்டித்தான் அதனிடம் போக முடியும். விடுமுறைகள் எப்போதும் அப்படித்தான், வரிசையாகத்தான் வரும்.

அதுவரை பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் மூச்சு விட்டுப் பழகிய ஊர் அது. வெடி, தீப்பெட்டி, காலண்டர் என்று ஓய்வொழிச்சல் இல்லாமல் உழைப்பதைப் பார்த்து யாரோ எப்போதோ மெச்சிக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போக, வைத்த பெயரைக் காப்பாற்றுவதற்காகவே ஊர் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தது. பெரிய ஜப்பானில் மனிதர்கள் விடுமுறையும் எடுக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் யாராலோ வழியில் தவறவிடப்பட்டு, பல காலம் கழித்து சந்தனமாரியின் கைவழியாக வந்து சேர்ந்தது.

சந்தனமாரி, தெய்வச்சிலை அண்ணாச்சியின் காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கிறவள். பதினான்கு வருஷமாக ஒரே நாற்காலி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திருகாணி செய்யும் ஒரு ஜப்பான்காரக் கம்பெனி, தன் தொழிலாளிகளுக்கு மேஜைக் காலண்டர் வேண்டும், ஜப்பானிய விடுமுறைகள் தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்டு, கூடவே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரலையும் அனுப்பியிருந்தது. அச்சுக்கோக்கும் மென்பொருளுக்குள் அதை வைத்துவிட்டால் போதும். தேதியைக் கொடுத்தால், அன்று ஜப்பானில் என்ன விடுமுறை என்று பெயரைத் திருப்பிக் கொடுக்கும். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாய்ப்போனால் அதற்கு ஈடாக வேறொரு நாளைக் கொடுக்கும். இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் ஒரு வேலைநாள் தனியாக மாட்டிக்கொண்டால், பாவம் என்று அதையும் விடுமுறையாக்கும். சந்தனமாரி பெயர்களுக்கெல்லாம் தமிழ் எழுதி, மேஜைக் காலண்டரை முடித்து அனுப்பினாள்.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. சிவகாசியில் யாரும் ஒரு காலண்டரை வெறும் திரையிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக முடித்த வேலையைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன் மேலேயே அடுத்ததைக் கட்டுவார்கள். சந்தனமாரியும் அப்படியே உள்ளூர்த் தினசரிக் காலண்டரைக் கட்டினாள், நிரல் உள்ளே உட்கார்ந்திருந்தது தெரியாமல். பிழை திருத்தும் அய்யாக்கண்ணு சார், ஒருமுறை ராகுகாலம் மாறி அச்சாகி ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் பறந்ததிலிருந்து ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் தவிர வேறெதையும் படிப்பதில்லை. காலண்டர் அச்சாகி, கட்டாகி, மளிகைக்கடைப் பையோடு வீடுவீடாகப் போய்ச் சுவரேறிவிட்டது.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அச்சு இயந்திரத்துக்குள் வெள்ளையாகப் போன காகிதம் வெள்ளையாகவே வெளியே வந்தது. அண்ணாச்சி மை பார்த்தார், மின்சாரம் பார்த்தார், கடைசியில் சுவரைப் பார்த்தார். ‘பெரியவர்களாகும் நாள். விடுமுறை’ என்று இருந்தது. “சரி, லீவுன்னு போட்டிருக்குல்ல, பெறகு எப்படி ஓடும்?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சூலம் பார்த்து பஸ் ஏறுகிற ஊருக்கு, காலண்டர் சொன்னதைக் கேட்பதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது. அன்றைக்கு ஊரில் அதுவரை பெரியவர்களாகாத ஆண்கள் பலர், நாற்பதிலும் ஐம்பதிலும் இருந்தவர்கள், சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். ஒரு வார்டு கவுன்சிலர், தான் இரண்டு தடவை திறந்து வைத்த சாக்கடை இன்னும் தோண்டப்படவே இல்லை என்று வாசலில் நின்று தெருவிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள் எல்லாரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்பதால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை.

இப்படியே ஒவ்வொன்றாக வந்தது. மே மாதம் பசுமை நாளன்று விளக்குக் கம்பங்களும் ரேஷன் கடை ஷட்டரும் துளிர்த்து இலைவிட, ஆடுகள் நகராட்சி அலுவலகத்துக்குள் வரிசையில் நின்று மேய்ந்தன. ஆனால் ஊரை உருக்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து வந்த ஈட்டு விடுமுறைதான். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த விடுமுறைக்குப் பதிலாக ஒரு புதன்கிழமை! தொலைத்த விடுமுறையைத் தேடிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற தேசமும் உலகத்தில் இருக்கிறதா என்று தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் கண்கலங்கினார்கள். வேறெந்த ஊரிலும் இது நடக்கவில்லையே, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. குட்டி ஜப்பான் என்ற பெயர் வேறெந்த ஊருக்கு இருக்கிறது?

ஜூலை இருபதாம் தேதி கடல் நாள். காலை ஒன்பதரைக்குக் கடல் சாத்தூர் ரோடு வழியாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நிதானித்து, முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல் மரியாதையாக ஊருக்குள் வந்து பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டது. “பொதுமக்கள் கவனத்திற்கு, கடல் வந்துகொண்டிருப்பதால் இருசக்கர வாகனங்களை மேட்டில் நிறுத்திக்கொள்ளவும்” என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கள் தெருவிலேயே அலையில் நின்றார்கள். திருச்செந்தூர் போய்வந்த புண்ணியம் இதில் சேருமா என்று ஒரு விவாதம் நடந்து, பாதி சேரும் என்று முடிவானது. சந்தனமாரி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தபடி, விஜயவாடாவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்த தன் புருஷன் இருளப்பனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, கடல் வந்திருக்கு.”

“எங்க?”

“நம்ம வாசல்ல. ரெண்டாவது படி வரைக்கும்.”

“இங்க டோல்கேட்டுல நிக்கேன் மாரி. பொறவு பேசுதேன்.”

அவர்கள் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். லோடு முடிந்து ஊர் திரும்புகிற நாளில் அவன் லாரியை நிறுத்திவிட்டு காலை எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைவான். அவள் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவாள். அவள் ஏழு மணிக்குத் திரும்பும்போது அவன் ஆறு மணிக்கே லோடோடு போயிருப்பான். ஊரே அதை அரைமணி நேரக் கல்யாணம் என்று கேலி பேசியது, அவர்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்த விடுமுறை ஒன்றுகூட அவனுக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொன்றின்போதும் அவன் ஹூப்ளியிலோ நாக்பூரிலோ, விடுமுறை செல்லாத ஏதோ ஒரு மண்ணில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்குக் கடல் போய்விட்டது, போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நண்டுகளை மட்டும் விட்டுவிட்டு. போனதற்கப்புறம்தான் வினையே. உப்புக்காற்றில் ஊறிய தீக்குச்சிகள் உரசினால் வெறும் பெருமூச்சு விட்டன, காய வைத்த சரவெடி களியாகிக் கிடந்தது. முதலாளிமார் சங்கம் கூடி, உடனடியாகத் தேதித்தாள்களைத் திருத்த வேண்டும் என்று தெய்வச்சிலை அண்ணாச்சியை வைத்துக்கொண்டே தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஆகஸ்டில் மலை நாள் வந்து, தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலை முளைத்து, ஊரே ஏறி இறங்கிக் கால்வலி தைலம் தீர்ந்துபோனது.

அந்த ஆகஸ்டில்தான் ஒருநாள் காலை, எட்டு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில், முகம் கழுவிக்கொண்டே இருளப்பன் சொன்னான். “மஸ்கட்டுல டிரெய்லர் ஓட்ட ஆள் கேக்காங்க. விசா வந்துருச்சு. செப்டம்பர் இருபத்துநாலு, திருவனந்தபுரத்துல பிளைட்டு. நாலு வருசம்.”

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த சந்தனமாரிக்கு மூடி பொருந்தவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?”

“எப்பக் கேக்க? இங்க இருந்தாலும் நான் ஒன்னப் பாக்கதில்ல, அங்க போனாலும் பாக்கப்போறதில்ல. அங்கன்னா ஒரு வீடாச்சும் கட்டலாம்.”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. நடுவில் அழவேண்டியிருக்கும், அவன் கோபப்பட வேண்டியிருக்கும், அப்புறம் சமாதானமாகி மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும். மணி எட்டு இருபத்தெட்டு. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள், போகிற வழியெல்லாம் மனசுக்குள் அவனிடம் பேசிக்கொண்டே போனாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அண்ணாச்சி அவள் மேஜைக்கு வந்து பட்டியலைப் போட்டார். “இந்தாத்தா, சங்கத்துல எழுதிக் குடுத்துட்டாக. இன்னும் அஞ்சு பாக்கி இருக்காம். அஞ்சு தேதிக்கும் புதுத்தாள் அடிச்சு வீடுவீடாக் குடுத்து மேல ஒட்டச் சொல்லணும். வெறும் தேதி, ராகுகாலம், நல்ல நேரம். வேற ஒண்ணும் இருக்கப்படாது.”

சந்தனமாரி பட்டியலைப் பார்த்தாள். செப்டம்பர் இருபத்தொன்று, இருபத்துமூன்று, அப்புறம் அக்டோபரில் ஒன்று, நவம்பரில் இரண்டு. இருபத்திரண்டு அதில் இல்லை. பெயரில்லாததால் சங்கத்தார் கண்ணில் படவில்லை. ஆனால் முன்னும் பின்னும் இருக்கிற இரண்டையும் எடுத்துவிட்டால் இருபத்திரண்டு, தாளில் என்ன அச்சாகியிருந்தாலும், தானாகவே வேலைநாளாகிவிடும், நிரலின் விதி அப்படி. பேசாமல் இருபத்தொன்றுக்கும் இருபத்துமூன்றுக்கும் தாள் அடிக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை அப்படியே விழுங்கிவிட்டு, பதினான்கு வருஷத்தில் சாவுக்கும் சடங்குக்கும் தவிர லீவு என்ற வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் உச்சரித்திராத அவள் எழுந்து நின்றாள்.

“அண்ணாச்சி, எனக்கு இருபத்திரண்டாந் தேதி வேணும்.”

“வேணும்னா? என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அதான் வேணும்.”

“லீவு போட்டுட்டுப் போ. அதுக்கு எதுக்கு ஊரையே இழுக்க?”

“நான் லீவு போட்டா அவுக லாரி நிக்காதே. அன்னிக்கு ஓசூருக்கு லோடு இருக்காம். ஊருக்கே லீவுன்னாத்தான் அவுக வீட்டுல இருப்பாக. இருபத்துநாலு பிளைட்டு. அதுக்குள்ள ஒரு நாள், முழுசா ஒரு நாள், நான் அவுககூடப் பேசணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியை விளக்கினாள்: இருபத்தொன்றும் இருபத்துமூன்றும் இருந்தால்தான் இருபத்திரண்டு இருக்கும் என்று.

அண்ணாச்சி முதலாளிக்குரிய முகத்தை வரவழைத்துக்கொண்டு, “சீசன் நேரத்துல மூணு நாளா? வெளாடுதியா?” என்று தொடங்கினார். அப்புறம் ஒரு பேச்சுக்காக, “அப்படி என்னதான் நாளு அந்த இருபத்தொண்ணு?” என்று கேட்டார்.

“முதியோரை மதிக்கும் நாள்.”

அண்ணாச்சிக்கு எழுபத்தொரு வயது. மூன்று பையன்கள், மூன்று பேரும் சென்னையில். பொங்கல் வாழ்த்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நல்ல பிள்ளைகள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “இருபத்துமூணு?”

“பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற நாள் அண்ணாச்சி. அங்க அன்னிக்கு, செத்துப்போனவுகள நெனச்சுக்கிட்டுச் சமாதிக்குப் போவாகளாம்.”

அண்ணாச்சியின் மனைவி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு திதியின்போதும் அச்சகத்தில் ஏதாவது ஒரு அவசர வேலை இருந்தது.

“அது ரெண்டும் கெடந்துட்டுப் போகட்டும்,” என்றார் கடைசியில். “சங்கத்துல எல்லாவனுக்கும் அறுபதுக்கு மேலதான். முதியோரை மதிக்க வேணாம்னு சொல்ல எவனுக்கு வாய் வருதுன்னு நானும் பாக்கேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “அந்த நடுநாளு, அதுக்குப் பேரில்லைன்னா அன்னிக்கு என்னத்தா வரும்? கடலா, மலையா?”

“ஒண்ணும் வராது அண்ணாச்சி. ஒண்ணும் நடக்காது.”

“நம்மூர்லயா!” என்று அண்ணாச்சி மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

இருபத்தொன்றாம் தேதி விடிந்தபோது அண்ணாச்சி வீட்டு வாசலில் மூன்று பையன்களும் நின்றார்கள்; எப்படி வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, நடுப்பையன் கையில் பல்தேய்க்கிற பிரஷ்கூட இருந்தது. ஊரில் கிழவர்கள் சாலையைக் கடக்கும்போது மினி பஸ்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. இருளப்பனையும் அவன் கால்கள் சாத்தூருக்கு, அவன் அப்பாவிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. சந்தனமாரிக்கு அதில் வருத்தமில்லை. பெயருள்ள நாள் ஒவ்வொன்றும் யாருக்காவது சொந்தமாகத்தான் இருந்தது, அது அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. என்ன வந்தாலும் வரட்டும் என்று ஊர் தயாராக இருந்தது. கடலுக்கு மணல்மூட்டை அடுக்கினார்கள், மலைக்குத் தைலம் வாங்கி வைத்தார்கள், நகராட்சி ஆட்டோவில் மைக் கட்டி எதற்கும் தயாராக நிறுத்தினார்கள். பத்து மணிவரை ஒன்றும் வரவில்லை. பால் பாலாகவே காய்ந்தது, காக்கை காக்கையாகவே கரைந்தது. இயந்திரங்கள் ஓடவில்லை, லாரிகள் கிளம்பவில்லை, அவ்வளவுதான். மைக் ஆட்டோக்காரர் பொறுக்க முடியாமல், “பொதுமக்கள் கவனத்திற்கு, இதுவரை ஒன்றும் நடக்கவில்லை” என்று ஒரு சுற்று அறிவித்துவிட்டுத் தானும் தூங்கப் போனார். பதினோரு மணிக்கு மேல்தான் ஜனங்களுக்கு மெதுவாகப் பிடிபட்டது. பாயை விரித்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

லாரியை நாலு தடவை உசுப்பிப் பார்த்துவிட்டு இருளப்பன் வீட்டுக்குத் திரும்பினான். எட்டரை தாண்டியும் மனைவி வீட்டிலேயே இருந்தது அவனுக்கு என்னவோபோல் இருந்தது. விருந்தாளியாக வந்தவன்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் டீ கொடுத்தாள்.

“சீனி போட்டிருக்கியே.”

“ஏன், வேணாமா?”

“சீனியை விட்டு மூணு வருசமாச்சு மாரி.”

“மூணு வருசமா? எனக்குத் தெரியாதே!”

“நீ என்னைக்கு எனக்கு டீ போட்ட? நானா போட்டுக் குடிச்சிட்டுப் படுப்பேன்.”

அங்கே தொடங்கியது. டீயிலிருந்து சண்டை அவன் அக்காள் வீட்டு வளைகாப்புக்குப் போய், அங்கிருந்து அவள் கேட்டு அவன் வாங்கித் தராத மிக்ஸிக்கு வந்து, சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டு, மறுபடி கூடி, மூன்று மணிக்குத் தொடங்கிய ராகுகாலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் பாதியிலேயே பஸ்ஸுக்கோ லோடுக்கோ நேரமாகி அப்படி அப்படியே நின்றிருந்தன. அவை எல்லாவற்றையும் அன்று உட்கார்ந்து முடித்தார்கள். நாலரைக்கு இரண்டு பேரும் களைத்துப்போய், ஒரே சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“போகாதீங்க,” என்றாள் சந்தனமாரி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“எனக்கு வீடு வேணாம். இந்த வீட்டுலயே நீங்க இருக்கற மாதிரி இல்ல, இதுல இன்னொரு வீட்டக் கட்டி நான் மட்டும் அங்க என்ன செய்ய? அரைமணி நேரம்னாலும் நீங்க வாற சத்தம் கேக்கணும் எனக்கு. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஆறு மணிக்கே எந்திரிக்கேன். போகாதீங்க.”

“இத நீ ஒருநாளும் சொன்னதில்லையே.”

“சொல்ல நீங்க எங்க இருந்தீக?”

மூலையில் இருந்த பிரயாணப் பெட்டியை அவன் பார்த்தான். அவள் அவனை அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு யாருக்கும் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்து எதிர்ச்சுவரில் ஏறியது. தெருவில் பிள்ளைகள் ஆளுக்கொரு மணல்மூட்டையின் மேல் ஏறி நின்று, வராத கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கு அவள் ரசம் வைத்து இரண்டு தட்டு போட்டாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் செய்யவில்லையே என்று முனகினாள். இருளப்பன் எழுந்து மூலைக்குப் போய், கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த பெட்டியின் முடிச்சை அவிழ்த்து, சட்டைகளை ஒதுக்கி, மஸ்கட்டுக்கென்று அவன் அம்மா முந்தின நாள் கொடுத்துவிட்டிருந்த மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துவந்தான். மூடியைச் சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துக் கிழித்தான். அவள் தட்டில் ஒரு துண்டை வைத்துவிட்டுத் தன் தட்டிலும் ஒன்றை வைத்துக்கொண்டான்.

“உப்பு கொஞ்சம் கூட,” என்றான். “இன்னும் ஒரு கரண்டி சோறு போடு.”